வழித்துணை

நுழையும்முன்

ஒரே பெட்டியில் ஏறியவர்கள் ஒருவருக்கொருவர் அயலார். எனினும் சில மணி நேரம் ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள். அந்தச் சிறுபொழுது வாழ்க்கைக்கும் ஓர் அறம் உண்டு. ஜப்பானியத் தொடர்வண்டிகளில் நிலவும் ஒழுங்கை உலகமே வியக்கிறது. அவ்வொழுங்கு எப்படி உருவாயிற்று, இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வண்டியேறும் பயணி அதிலிருந்து எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்பதை இக்கட்டுரை எண்ணிப் பார்க்கிறது.

சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த பொதிகை விரைவு வண்டி, விடியலை ஒட்டித் திருவில்லிபுத்தூரை நெருங்குகிறது. மேற்கே மலைத்தொடர் மங்கலாகத் தெரியத் தொடங்குகிறது. இறங்க வேண்டியோர் பைகளுடன் கதவருகே கூடிவிட்டனர். இராஜபாளையத்திற்கும் தென்காசிக்கும் செல்ல வேண்டியோர் நடைமேடையில் அதே கதவை நோக்கி விரைகின்றனர். வண்டி நிற்கும் நேரமோ ஓரிரு நிமிடமே. இறங்குவோர் வெளியே தள்ளுகின்றனர். ஏறுவோர் உள்ளே தள்ளுகின்றனர். இரண்டு தள்ளல்களுக்கும் நடுவே, ஒரு கையில் பையும் மறு கையில் கைப்பிடிக் கம்பியுமாக ஒரு மூதாட்டி படியில் கால் வைக்க இடமின்றி நிற்கிறார்.

அங்கே நின்றோருள் கெட்டவர் என்று எவரையும் சுட்ட முடியாது. ஒருவர் வேலைக்கு நேரமாகிறதே என்று அஞ்சுகிறார். மற்றொருவர் வண்டி தவறிவிடுமோ என்று பதறுகிறார். தனித்தனியே நல்லவர்களாகிய அவர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு தீங்கைச் செய்துவிடுகின்றனர். ஏற வந்தவர்கள் கதவின் இருபுறமும் ஒதுங்கி நின்றிருந்தால், இறங்குவோர் நடுவழியே விரைவில் இறங்கியிருப்பர். ஏறுவோரும் பதற்றமின்றி ஏறியிருப்பர். கூட்டம் குறையவில்லை, நேரம் கூடவில்லை, ஒழுங்கு மட்டுமே சேர்ந்தது. அதனால் அனைவருக்கும் நன்மை விளைந்தது.

பயண நாகரிகம் என்பது இதுதான். அது பிறவிக்குணம் அன்று. ஏதோ ஒரு நாட்டாருக்கு மட்டும் வாய்த்த பெருமையும் அன்று. கற்கவும் கற்பிக்கவும் கூடிய பழக்கம் அது. அருகில் நிற்கும் அயலாரும் தம்மைப் போலவே ஓர் ஊருக்குப் போய்ச் சேர வேண்டியவர் என்று காணும் பார்வையே அதன் வேர்.

வழியும் அறமும்

தமிழர்க்கு இப்பார்வை புதிதன்று. கால்நடையாகப் பயணம் செய்த காலத்தில், வழிப்போக்கர் தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காகச் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். கோடையில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தனர். வழிநெடுகச் சத்திரங்களும் சாவடிகளும் எழுந்தன. இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சத்திரம், மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே இன்றும் நிற்கிறது. பெயர் தெரியாத ஒருவர், என்றோ ஒரு நாள் களைத்து வருவார் என்று எண்ணி முன்கூட்டியே செய்து வைத்த அறங்கள் இவை. உடன் வருபவரை 'வழித்துணை' என்று அழைத்த மொழி தமிழ். வழியில் சந்திப்பவர் போட்டியாளர் அல்லர், துணைவர் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. அயலார்மீது செல்லும் இரக்கப் பார்வைக்குத் திருக்குறள் 'கண்ணோட்டம்' என்று பெயரிட்டு, ஒரு தனி அதிகாரமே வகுத்துள்ளது.

தொடர்வண்டி வந்தபோது வழியின் இயல்பு மாறியது. 1853-இல் மும்பைக்கும் தானேவுக்கும் இடையிலும், 1856-இல் சென்னை இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையிலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. விருதுநகரையும் தென்காசியையும் இணைக்கும் பாதை 1927-இல் திறக்கப்பட்டது. சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில் ஆகிய ஊர்கள் அதன் வழியே பிற ஊர்களோடு இணைந்தன. நடைவழியில் ஒருவர்க்கொருவர் விலகிச் செல்ல இடம் இருந்தது. பெட்டிக்குள்ளோ முழங்காலோடு முழங்கால் இடிக்கும் நெருக்கம். சாதி, சமயம், செல்வம் ஆகியவற்றால் பிரிந்து வாழ்ந்தோர் ஒரே பலகையில் அருகருகே அமர நேர்ந்தது. பழைய வழியறம் இப்புதிய இடத்திற்கு ஏற்ப வளர வேண்டியிருந்தது. ஆனால், வண்டி வளர்ந்த வேகத்தில் அது வளரவில்லை.

இக்குறையை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டு கூறியவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளிலேயே நாடெங்கும் பயணம் செய்த அவர், 1917-இல் அப்பெட்டிகளின் நிலையைப் பற்றி விரிவாக எழுதினார். அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றுவதையும் பெட்டிகளைத் துப்புரவு செய்யாமல் விடுவதையும் காட்டி நிருவாகத்தைக் கண்டித்தார். அதே வேளையில், பயணியரின் தூய்மையற்ற பழக்கங்களையும் பிறரை எண்ணாத போக்கையும் அவர் மறைக்கவில்லை. கற்றவர்கள் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து மக்களின் பழக்கங்களைத் திருத்த வேண்டும். குறைகள் தீரும்வரை நிருவாகத்தையும் ஓயவிடக் கூடாது என்பதே அவர் காட்டிய தீர்வு. ஒரு கை ஓசை பயன்படாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கற்றுக்கொடுக்கப்பட்ட ஒழுங்கு

ஜப்பானில் முதல் தொடர்வண்டிப் பாதை 1872-இல்தான் திறக்கப்பட்டது. அவ்வகையில், தொடர்வண்டிப் பட்டறிவில் இந்தியா மூத்தது. ஆனால், பயண ஒழுங்கிற்கு எடுத்துக்காட்டாக இன்று உலகம் சுட்டுவது ஜப்பானையே.

அங்கே கதவு நிற்கும் இடம் நடைமேடைத் தரையில் குறிக்கப்பட்டிருக்கும். பயணியர் அக்குறியருகே வரிசையாக நிற்பர். வண்டி வந்ததும் கதவின் இருபுறமும் ஒதுங்கி, இறங்குவோர்க்கு வழிவிட்ட பின்னரே ஏறுவர். முதுகில் மாட்டிய பை பின்னால் நிற்பவரை இடிக்கும் என்பதால், அதை முன்புறம் மாற்றிக்கொள்வர் அல்லது மேலடுக்கில் வைப்பர். கைப்பேசியின் மணியோசையை அடக்கிவிடுவர். பெட்டிக்குள் அதில் பேசுவதைத் தவிர்ப்பர். முதியோர், கருவுற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையுடன் வருவோர் ஆகியோர்க்கென முன்னுரிமை இருக்கைகள் உண்டு. நகர வண்டிகளில் உண்பதைத் தவிர்ப்பர். நெடுந்தொலைவு வண்டிகளிலோ, நிலையத்தில் விற்கும் 'எகிபென்' என்னும் பெட்டியுணவை வாங்கி மகிழ்ந்து உண்பர். இருக்கையின் முதுகைச் சாய்க்கும்முன் பின்னால் இருப்பவரிடம் ஒரு சொல் கேட்பதும் வழக்கம்.

இவ்வளவும் ஜப்பானியரின் குருதியில் ஊறியவை என்று சொல்லிவிடுவது எளிது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. முதியோர்க்கான தனி இருக்கைகள், 1973 செப்டம்பர் 15 அன்று, அந்நாட்டு முதியோர் நாளில், டோக்கியோவின் சூவோ தடத்தில் முதன்முதலாக வந்தன. இருக்கையில் சாய்ந்து பரப்பிக்கொண்டு பிறர்க்கு இடம் தராதவர்களையும் நடைமேடையில் புகைபிடிப்பவர்களையும் நகைச்சுவையோடு இடித்துரைக்கும் சுவரொட்டிகள், 1974 முதல் டோக்கியோ சுரங்க வண்டி நிலையங்களில் ஒட்டப்பட்டன. தவறு செய்வோர் இல்லாத இடத்தில் சுவரொட்டிக்கு வேலை இல்லை. கைப்பேசி பற்றிய ஒழுங்கோ, 1990-களில் அக்கருவி பரவிய பின்னர் உருவானது. நெரிசலில் பெண்கள் தொல்லைக்கு உள்ளாவதைத் தடுக்க, 2001-இல் டோக்கியோவின் கேயோ தடத்தில் இரவுநேர வண்டிகளில் மகளிர் பெட்டிகள் சேர்க்கப்பட்டன. அங்கும் குற்றம் உண்டு, குறை உண்டு. குறையைக் கண்டபோது, 'மக்கள் அப்படித்தான்' என்று கைவிட்டுவிடாமல், விடாது எடுத்துச் சொன்னதே அவர்கள் செய்தது.

ஆகவே, ஜப்பானிடமிருந்து கற்க வேண்டிய முதற்பாடம், 'ஒழுங்கைக் கற்பிக்க முடியும்' என்பதே. கூட்டத்தைக் காரணம் காட்டி ஒழுங்கைக் கைவிட இடமில்லை என்பது இரண்டாவது பாடம். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தை நாளொன்றுக்குப் பல இலட்சம் பேர் பயன்படுத்துகின்றனர். அங்கும் வரிசை நிற்கிறது.

பேச்சும் இரைச்சலும்

ஜப்பானியப் பெட்டியின் அமைதியை அப்படியே தமிழகத்துப் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டுமா? வேண்டியதில்லை. மதுரைக்கும் செங்கோட்டைக்கும் இடையே செல்லும் வண்டியில் அரைமணி நேரம் எதிரெதிரே அமர்ந்தவர்கள் ஊர், உறவு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை விசாரித்துக்கொள்வது இயல்பு. திருவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாப் பொட்டலம் பிரிக்கப்பட்டால், எதிரில் இருக்கும் குழந்தைக்கும் ஒரு துண்டு செல்லும். அயலாரை அரைமணியில் அண்ணனாகவும் அக்காவாகவும் ஆக்கிக்கொள்ளும் இவ்வியல்பு, இழக்கத் தகாத செல்வம். அமைதி ஒன்றே நாகரிகம் என்று கருதி இப்பேச்சைப் பழிப்பது, பிறர் அளவுகோலால் தம் வீட்டை அளப்பதாகும்.

ஆனால், பேச்சு வேறு, இரைச்சல் வேறு. பேச்சு, எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்கிறது. அவர் முகம் சுளித்தால் தானே அடங்குகிறது. திறன்பேசியில் உரக்க ஒலிக்கும் திரைப்படமோ எவரையும் சேர்த்துக்கொள்வதில்லை. எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒருவர் கேட்க விரும்பியதை எழுபதுபேர் கேட்டாக வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. ஆலையில் இரவுப்பணி முடித்து இராஜபாளையத்தில் ஏறிக் கண் அயர்பவர் அப்பெட்டியில் இருக்கலாம். தேர்வுக்குச் செல்லும் மாணவி கடைசி நேரப் புரட்டலில் இருக்கலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி இருக்கலாம். அவர்களுள் எவரும் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். கேளாமலே உணர்வதற்குத்தான் கண்ணோட்டம் என்று பெயர்.

உணவுக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். பகிர்ந்து உண்பது பண்பு. உண்ட இலையை இருக்கையின்கீழ்த் தள்ளிவிட்டு இறங்குவது பண்பின்மை. இரண்டையும் ஒரே கைதான் செய்கிறது என்பதே வியப்பு.

இருக்கை யாருக்கு?

பயணச்சீட்டு வாங்கியவருக்கு இருக்கையில் உரிமை உண்டு. அவ்வுரிமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், உரிமை முடியும் இடத்தில்தான் பண்பு தொடங்குகிறது. படுக்கை வசதி கொண்ட பெட்டியில் நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விரித்து உறங்கலாம் என்பது விதி. எஞ்சிய நேரத்தில் கீழ்ப்படுக்கை மூவரும் அமர்வதற்குரியது. பொழுது விடிந்த பின்னும் நடுப்படுக்கையை மடக்காதவர், கீழே இருப்பவரைக் கழுத்து வளைத்து அமர வைக்கிறார். பகலிலேயே கீழ்ப்படுக்கையில் கால்நீட்டிப் படுப்பவர், மேற்படுக்கைக்காரரை நிற்க வைக்கிறார்.

அறுபது வயது நிறைந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயது நிறைந்த பெண்களுக்கும் கருவுற்ற மகளிர்க்கும், இடம் இருக்கும் அளவிற்குக் கீழ்ப்படுக்கை வழங்கும் ஏற்பாடு இந்தியத் தொடர்வண்டித் துறையில் உள்ளது. இடம் தீர்ந்துபோனால் கணினி கைவிரித்துவிடும். அந்நிலையில் முழங்கால் வலியோடு ஒரு முதியவர் மேற்படுக்கையின் ஏணியை அண்ணாந்து பார்க்கும்போது, கீழ்ப்படுக்கை கிடைத்த இளைஞர் என்ன செய்கிறார் என்பதை எந்த விதியும் தீர்மானிப்பதில்லை. எனினும், இடமாற்றம் என்பது கேட்டுப் பெறுவது, அதட்டிப் பெறுவதன்று. மறுப்பவருக்கு வெளியே தெரியாத நோயோ இடர்ப்பாடோ இருக்கலாம். கேட்பவரிடமும் பணிவு வேண்டும். கேட்கப்படுபவரிடமும் கனிவு வேண்டும்.

பெண்களைப் பொறுத்தவரை, பயண நாகரிகம் வெறும் வசதி பற்றியதன்று, வாழ்வு பற்றியது. உயர்கல்விக்கும் வேலைக்கும் நாள்தோறும் ஊர்விட்டு ஊர் செல்லும் பெண்ணை, ஒரு தகாத பார்வையோ வேண்டுமென்றே செய்யும் உரசலோ, 'இனி இந்த வண்டி வேண்டாம்' என்று எண்ணச் செய்துவிடும். பின்னர் அவ்வெண்ணம், 'இந்தப் படிப்பே வேண்டாம்' என்னும் வீட்டார் முடிவாக மாறவும் கூடும். ஒருவரின் ஒழுங்கீனம் மற்றொருவரின் எதிர்காலத்தைப் பறிக்கிறது. பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று இந்தியத் தொடர்வண்டிச் சட்டம், 1989 கூறுகிறது. மும்பையில் 1992-இல் முழுவதும் மகளிர்க்கான புறநகர் வண்டியே விடப்பட்டது. ஆனால், தனிப்பெட்டி என்பது நோய்க்குத் தற்காலிக மருந்து. நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. எந்தப் பெட்டியிலும் ஒரு பெண் அச்சமின்றி அமர முடிவதே நாகரிகம். தவறு நடக்கும்போது வேறுபக்கம் திரும்பிக்கொள்ளாத உடன்பயணிகளே அதன் காவலர்.

காணாத கைகள்

பெட்டியில் கூட வருபவர்கள் மட்டுமே உடன்பயணிகள் என்று எண்ணுவது பிழை. வண்டி சென்ற பின், அதைத் துப்புரவு செய்ய வருபவரும் அப்பயணத்தில் பங்குடையவரே.

பல்லாண்டுகளாக வண்டிகளின் கழிவு நேரே தண்டவாளத்தில் விழுந்தது. அதை அகற்றும் இழிவு மனிதர்கள்மீதே சுமத்தப்பட்டிருந்தது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையைத் தடுக்க 2013-இல் சட்டம் இயற்றப்பட்டது. தொடர்வண்டித் துறையும் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து உருவாக்கிய உயிரிக் கழிப்பறைகள் பெட்டிகளில் பொருத்தப்பட்டன. பெட்டியின் அடியில் உள்ள தொட்டியில் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைத்து, நீராகவும் வளியாகவும் மாற்றிவிடுகின்றன. அறிவியல் தந்த அரிய தீர்வு இது.

அத்தீர்வைத் தோற்கடிக்க ஒரு நெகிழிப் புட்டி போதும். கழிப்பறைக்குள் போடப்படும் புட்டி, துணி, அணையாடை, குட்காப் பொட்டலம் ஆகியவை குழாயை அடைத்துவிடும். நுண்ணுயிரி நெகிழியைச் செரிக்காது. அடைப்பை நீக்க மீண்டும் ஒரு மனிதரின் கையே உள்ளே செல்ல வேண்டியிருக்கும். சட்டம் விடுவித்த கையை, பயணியின் கவனமின்மை மீண்டும் கழிவுக்குள் தள்ளுகிறது. வெற்றிலைச் சாற்றைச் சன்னல்வழி உமிழ்பவரும், கடலைத்தோலைத் தரையில் பரப்புபவரும், கழுவுதொட்டியில் சோற்றைக் கொட்டுபவரும் இதை ஒருகணம் எண்ணிப் பார்த்தால் போதும். குப்பைக்கென ஒரு சிறு பையை உடன் எடுத்துச் செல்வதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

உயிர் காக்கும் ஒழுங்கு

சில ஒழுங்குகளை மீறினால் மனம் நோகும். சிலவற்றை மீறினால் உயிரே போகும். 2023 ஆகஸ்ட் 26 அன்று விடியற்காலையில், மதுரை நிலையப் பகுதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பற்றியது. இலக்னோவிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டுத் தலங்களைக் காண வந்தவர்கள் அதில் இருந்தனர். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவரப்பட்ட சமையல் எரிவாயு உருளையே தீக்குக் காரணமாயிற்று. ஒன்பது உயிர்கள் பறிபோயின. 'ஒன்றும் ஆகாது' என்னும் இரண்டு சொற்களின் விலை அது.

இப்பாதையில் பயணம் செய்வோர்க்கு அந்நிகழ்வு தனிப்பொருள் உடையது. திருவில்லிபுத்தூருக்கு முந்தைய பெருநிலையம் பட்டாசுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி. தீபாவளி நெருங்கும்போது, உறவினர் பிள்ளைகளுக்காகப் பைக்குள் சில பெட்டிப் பட்டாசுகளை மறைத்து எடுத்துச் செல்லலாமே என்னும் எண்ணம் பலருக்கும் எழக்கூடும். அன்பினால் எழும் எண்ணம்தான் அது. ஆனால், ஓடும் வண்டியின் காற்றில், ஒரு பெட்டியில் பற்றிய தீ அடுத்த பெட்டிக்குப் பரவ நெடுநேரம் ஆகாது. தன் வீட்டுக் குழந்தையின் மகிழ்ச்சிக்காக எழுபது வீடுகளின் குழந்தைகளைப் பணயம் வைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

படிக்கட்டில் தொங்குவதும் அத்தகையதே. மலைக்காற்று முகத்தில் மோத, கம்பியைப் பிடித்துத் தொங்கிச் செல்வது இளம் வயதில் வீரமாகத் தோன்றும். பேருந்துப் படியிலும் இதே காட்சியைக் காணலாம். பிடி நழுவினால், பாதையோரக் கம்பம் வீரத்தை மதிப்பதில்லை. நண்பரை இறக்கிவிடுவதற்காக அபாயச் சங்கிலியை இழுப்பவரும் இவ்வரிசையில் நிற்பவரே. ஒரு வண்டி நின்றால், பின்வரும் வண்டிகளும் தாமதமாகும். அவற்றுள் ஒன்றில் அறுவை மருத்துவத்திற்குச் செல்பவர் இருக்கலாம். நேர்காணலுக்குச் செல்பவர் இருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் தொடர்வண்டிச் சட்டம், 1989-இன்படி,
• தீப்பற்றக்கூடிய, வெடிக்கக்கூடிய பொருள்களை விதிமீறி எடுத்துச் செல்வது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.
• போதிய காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுப்பது குற்றம்.
• வண்டியின் கூரையிலோ படிக்கட்டிலோ பயணம் செய்வது குற்றம்.
• மகளிர்க்கென ஒதுக்கப்பட்ட பெட்டியில் ஆண்கள் ஏறுவது குற்றம்.
பயணத்தின்போது பாதுகாப்பு, மருத்துவம் உள்ளிட்ட உதவிகளுக்கு 139 என்னும் எண்ணை அழைக்கலாம்.

நிருவாகத்தின் பங்கு

இவ்வளவும் கேட்ட ஒருவர் ஒரு வினாவை எழுப்பக்கூடும்: "நாள்முழுவதும் சில வண்டிகளே வரும் நிலையத்தில், முன்பதிவில்லாப் பெட்டிகளும் சிலவே இருக்கும்போது, தள்ளாமல் ஏறுவது எப்படி? டோக்கியோவில் ஒரு வண்டியை விட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வரும். இங்கே விட்டால் அரைநாள் போய்விடுமே!" வினா நேர்மையானது. பற்றாக்குறை இருக்கும் இடத்தில் பதற்றம் பிறக்கும். பதற்றம் இருக்கும் இடத்தில் பண்பு தளரும். பெட்டி எங்கே நிற்கும் என்று தெரியாத பயணி ஓடத்தான் செய்வார். ஆகவே, பெட்டி நிற்குமிடத்தை முன்கூட்டிக் காட்டும் பலகை, போதிய முன்பதிவில்லாப் பெட்டிகள், தண்ணீருள்ள கழிப்பறை, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், சொன்ன நேரத்திற்கு வரும் வண்டி ஆகியவற்றைத் தருவது நிருவாகத்தின் நாகரிகம். 2017-இல் டோக்கியோ அருகே ஒரு வண்டி இருபது வினாடிகள் முன்னதாகப் புறப்பட்டதற்காக, அதை இயக்கிய நிறுவனம் பயணியரிடம் மன்னிப்புக் கேட்டது. பயணியை மதிக்கும் நிருவாகமே பயணியிடம் மதிப்பை எதிர்பார்க்க முடியும்.

எனினும், வசதி வரும்வரை பண்பு காத்திருக்கட்டும் என்பது ஏற்கத்தக்கதன்று. உரக்கப் பாடும் கைப்பேசியை அடக்கக் கூடுதல் பெட்டி தேவையில்லை. குப்பையைப் பையில் இட அரசாணை தேவையில்லை. பற்றாக்குறை மிகுந்த இடத்தில்தான் ஒழுங்கின் தேவையும் மிகுதி. இருக்கும் சிறிதளவை அனைவருக்கும் எட்டச் செய்வது அதுவே. உரிமையைக் கேட்டு எழுதும் கையும், குப்பையைப் பொறுக்கும் கையும் ஒன்றாக இருப்பதே குடிமைப் பண்பு.

வடம் பிடிக்கும் ஊர்

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர். பல ஊர்களிலிருந்து வந்த, ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரவர் ஒரே வடத்தைப் பற்றுகின்றனர். முழக்கம் எழும்போது இழுக்கின்றனர்; நிறுத்தச் சொல்லும்போது நிற்கின்றனர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர், உயிரைப் பொருட்படுத்தாமல் தேரின் திசையைத் திருத்துகின்றனர். வடம் பிடித்த ஒருவர் தம் விருப்பப்படி இழுத்தால் தேர் திசைமாறும். நிற்க வேண்டிய இடத்தில் நில்லாவிட்டால் முன்னால் செல்பவர் விழுவர். அதை உணர்ந்ததால் அத்தனை பேரும் தத்தம் விரைவைப் பொது விரைவுக்குள் அடக்கிக்கொள்கின்றனர். ஒழுங்காக இயங்கத் தெரியாத மக்கள் என்று இவர்களை எவர் கூற முடியும்?

தேர்வீதியில் இருக்கும் அந்த ஒழுங்கு, நிலையத்தின் நடைமேடைக்கு வரும்போது எங்கே போகிறது என்பதே சிந்திக்க வேண்டியது. தேர் 'நம்முடையது' என்று தோன்றுகிறது; தொடர்வண்டி 'அரசுடையது' என்று தோன்றுகிறது. தேரில் உடனிருப்பவர் அடியார்; வண்டியில் உடனிருப்பவர் யாரோ. பார்வை மாறினால் பழக்கமும் மாறும். பொதுச்சொத்து என்பது யாருக்கும் உரியதல்லாத சொத்தன்று. எல்லார்க்கும் உரிய சொத்து.

இம்மாற்றத்தைத் தொடங்கும் ஆற்றல் மாணவரிடம் உண்டு. ஒரு நடைமேடையில் பத்து மாணவர்கள் கதவின் இருபுறமும் ஒதுங்கி நின்றால், பதினோராவது மனிதர் நடுவில் நுழையத் தயங்குவார். ஒரு மாணவர் எழுந்து இடம் கொடுத்தால், அதைப் பார்த்த சிறுவன் அடுத்த நிலையத்தில் எழுந்து நிற்பான். அறிவுரையைவிடக் காட்சி விரைவாகப் பரவும்.

மீட்டர் பாதையாக இருந்த இந்தத் தடம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டராக விரிந்தது. பொறியாளர்கள் தம் பணியை முடித்துவிட்டனர். பாதை அகன்ற அளவிற்கு மனமும் அகல வேண்டும், அப்பணி பயணியருடையது. அது நிறைவேறும் நாளில், விடியலில் திருவில்லிபுத்தூர் நிலையத்தில் நிற்கும் வண்டியின் கதவருகே கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். நடுவழியே அந்த மூதாட்டி இறங்குவார். அவர் பையை ஒரு கை வாங்கிக் கீழே வைக்கும். அந்தக் கைக்குரியவர் பெயரை அவர் கேட்கமாட்டார். வழித்துணைக்குப் பெயர் தேவையில்லை.

கற்பவை கற்றபின்...

1. பேருந்திலோ தொடர்வண்டியிலோ பயணம் செய்தபோது கண்ட ஒரு நற்செயலையும் திருத்த வேண்டிய ஒரு செயலையும் குறிப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.
2. 'பயண ஒழுங்கிற்குப் பெரிதும் பொறுப்பு பயணியரா, நிருவாகமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் ஊர் நிலையத்தில் வைப்பதற்கேற்ற, நகைச்சுவை உணர்வுடன் கூடிய ஐந்து விழிப்புணர்வு முழக்கத்தொடர்களை உருவாக்குக.
4. உங்கள் பகுதியில் உள்ள சுமைதாங்கி, சத்திரம், தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.